வெள்ளி ரூபாயா, காகித ரூபாயா?

கீழக்கரையில பழைய வீட்டுப் பெட்டிய குடைஞ்சா அஞ்சாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபா ஒண்ணு ரெண்டாவது மாட்டும். எடை 11.66 கிராம், அந்தக் காலத்து நல்ல காசுன்னா பன்னெண்டுல பதினோரு பங்கு சுத்த வெள்ளி. அதைக் காட்டி "காசுன்னா இதுதாண்டா, இப்ப உள்ளது வெறும் காகிதம்"னு பெருசுங்க சொல்லும்போது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கதை அப்படிப் போகல. 1870-கள்ல உலகம் பூரா வெள்ளி விலை சரிய, ரூபாயும் சேந்து சரிஞ்சுது. வெள்ளியக் கொண்டுபோய்க் குடுத்தா யாருக்கும் காசா அடிச்சுத் தந்துட்டிருந்ததை நாணயச் சாலைங்க 1893-ல நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் காசோட மதிப்பு உள்ள இருக்கற வெள்ளியவிட மேல நின்னுச்சு, அதாவது பாதி அரசாங்கத்தோட வார்த்தைதான். முதல் உலகப்போர்ல நேர் எதிர், வெள்ளி விலை ஏற ஏற ஜனங்க காசை உருக்க ஆரம்பிச்சாங்க, சமாளிக்க 1917-ல ஒரு ரூபா நோட்டு விட்டாங்க. உலோகக் காசுல வில்லங்கமே இதுதான்: விலை எறங்கினாலும் தொல்லை, ஏறினாலும் காசு புழக்கத்துலேந்து காணாமப் போயிரும்.

சரி, நோட்டுக்குப் பின்னாடி தங்கம் இருந்தா? ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-ல வந்தப்ப நோட்டுல நூத்துக்கு 40 பங்குக்குத் தங்கமோ ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) பத்திரமோ இருக்கணும். 1957-லேந்து மொத்தமே 200 கோடி போதும், அதுல 115 கோடி தங்கம். எவ்வளவு நோட்டு அடிச்சாலும் அதே 200 கோடிதான், சும்மா பேருக்கு! அமெரிக்காக்காரனும் 35 டாலருக்கு ஒரு அவுன்சு தங்கம் தர்றேன்னு மத்த நாடுங்களுக்குக் குடுத்த வாக்கை 1971-ல கைவிட்டுட்டான். சட்டத்தால கட்டின தங்கத்தைச் சட்டத்தாலேயே அவுத்துரலாம்.

காகிதத்துல குத்தமே இல்லன்னு நான் சொல்லல, 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு ஒரே அறிவிப்புல போனதை யாரு மறப்பா. அதவிடப் பெருசு அக்கரை இலங்கை: 2022 தொடக்கத்துல டாலருக்கு 200 ரூபா சுமாருக்கு இருந்தது மே மாசம் 360-ஐ தொட்டுச்சு, பொழைக்க வழியில்லாம தனுஷ்கோடிக்குப் படகுல வந்து எறங்கினாங்க. தங்கம் காப்பாத்திருக்குமான்னா, அதுக்கு முந்தியே 2021 கடைசில இருந்த தங்கத்துலயும் ஒரு பகுதிய வித்துட்டாங்க, எண்ணெய்க்கும் மருந்துக்கும் டாலர் இல்லன்னா எந்த நாடும் அதைத்தான் செய்யும். அதனால என் ஓட்டு காகிதத்துக்குத்தான், சேமிப்புக்கு மட்டும் தங்க நகையோ தங்கக் காசோ கொஞ்சம் வாங்கி வச்சுக்குங்க.