தருமபுரி வெயிலில் 24 குழித் தட்டு: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

எக்ஸ் கதிரால் புரதத்தின் வடிவத்தைக் காணப் புரதப் படிகம் வேண்டும். அதை வளர்க்க நாங்கள் பயன்படுத்துவது சாதாரண 24 குழி பிளாஸ்டிக் தட்டு, குழியை மூடச் சிலிக்கோன் பூசிய கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி, விளிம்பில் காற்றுப் போகாமல் அடைக்க வாக்குவம் கிரீஸ். துளி வைக்க ரோபோ கிடையாது. தருமபுரியின் கோடையிலும் மார்கழிக் குளிரிலும் இதை ஆண்டுக்கணக்கில் கையாண்டிருக்கிறேன். இது நம்பத்தகுந்த தட்டு என்று தயங்காமல் சொல்வேன். படிகம் வரவில்லை என்று தட்டை நொந்துகொள்பவர்கள் முதலில் அது இருக்கும் அறையைப் பார்க்க வேண்டும்.

முறை பலருக்கும் தெரிந்ததே. குழியில், புரதத்தைப் படியவைக்கும் உப்பு போன்றவை கலந்த கரைசலை அரை மில்லிலிட்டர் ஊற்றுகிறோம். கவர் ஸ்லிப்பின் மேல் ஒரு மைக்ரோலிட்டர் புரதத்தையும் அதே குழியிலிருந்து எடுத்த ஒரு மைக்ரோலிட்டர் கரைசலையும் சேர்த்துத் துளியாக்கி, கண்ணாடியைக் கவிழ்த்துக் குழியை மூடுகிறோம். துளியின் நீர் ஆவியாகி மெல்லக் குழிக்குப் போகும். புரதம் செறிந்துகொண்டே வரும். அந்த நிதானத்தைத்தான் எங்கள் ஊர் வெயில் குலைக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பகல் வெப்பம் 38 டிகிரியை எட்டும். ஏசி அறையில் மின்சாரம் போனால் தட்டும் அதிலுள்ள கரைசலும் சூடேறும். மின்சாரம் வந்ததும் ஏசி குளிர்காற்றை வாரி அடிக்கும். மெல்லிய கவர் ஸ்லிப் உடனே குளிர்ந்துவிடும். அடியிலுள்ள கரைசலோ இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். குழியிலிருந்து எழும் நீராவி கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, துளியோடு சேர்ந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, கூர்மையாக இருந்த படிகத்தின் முனைகள் மழுங்கியிருந்தாலோ வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது மூடியுள்ள தடித்த தெர்மாகோல் பெட்டி. ஓரங்களில் அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை நெருக்கி நிறுத்தி, நடுவில் தட்டுகளை வைக்கிறோம். அவ்வளவு நீர் சூடாகவும் ஆறவும் நேரம் பிடிக்கும் என்பதால் வெளியே நடக்கும் ஏற்ற இறக்கம் உள்ளே வெகுவாகத் தணிந்துவிடுகிறது. பெட்டியைச் சன்னல் இல்லாத சுவரோரம், அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜின் மேல் வேண்டாம். கம்ப்ரசரின் அதிர்வும் கெடுதலே. சரியாக 20 டிகிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லாப் புரதத்துக்கும் இல்லை. 24 டிகிரியாகவே இருந்தாலும் அது 24ஆகவே நிலைத்திருக்கட்டும்.

நான் யாருக்கும் வற்புறுத்திச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தட்டிலும் கடைசிக் குழியைக் கோழிமுட்டை லைசோசைமுக்கு விட்டுவிட வேண்டும். 1965ஆம் ஆண்டு லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிரால் வடிவம் கண்ட முதல் நொதி அது. பிஎச் 4.6 கொண்ட 0.1 மோலார் சோடியம் அசிட்டேட், சுமார் 5 சதவீதம் உப்பு, மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் லைசோசைம்: இதில் ஓரிரு நாளில் படிகம் வந்துவிடும். அதுவே வரவில்லை என்றால் அறையோ மூடியோ கரைசலோ சரியில்லை. அது வந்து நம் புரதம் மட்டும் வரவில்லை என்றால் புரதத்தின் தூய்மையையும் செறிவையும் சோதிக்க வேண்டும். லைசோசைம் இன்னொரு தகவலும் தரும்: வெப்பநிலை சுமார் 25 டிகிரிக்கு மேல் போனால் வழக்கமான நாற்கோணகப் படிகத்துக்குப் பதிலாகச் செஞ்சாய்சதுரம் என்ற வேறு அமைப்புள்ள படிகம் தலைகாட்டத் தொடங்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் கூப்பிட்டிருந்தார். "அக்கா, தட்டு முழுக்க வீழ்படிவுதான். வேறு ஸ்கிரீன், அதாவது வேறு சோதனைக் கரைசல் தொகுப்பு, வாங்கிவிடட்டுமா?"

"லைசோசைம் குழி எப்படி இருக்கிறது?"

"அதிலும் ஒன்றும் வரவில்லை, அக்கா."

"அப்படியானால் இப்போது பணம் செலவழிக்காதே. கிரீஸையும் பெட்டியையும் முதலில் பார்."

கிரீஸ் வளையத்தில் ஒரு மயிரிழை இடைவெளி போதும், குழி வறண்டுவிடும். கண்ணாடியை அழுத்தி லேசாகத் திருகினால் வளையம் முழுவதும் ஒரே சீராகத் தெளிந்து தெரிய வேண்டும். விலை குறைவென்று சிலர் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறார்கள். எங்கள் ஊர்க் கோடையில் அது இளகிவிடும். குழியில் ஊற்றப் பயன்படும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசல்களை வெளிச்சத்திலும் வெக்கையிலும் வைத்தால் பெராக்சைடுகளும் ஆல்டிஹைடுகளும் உண்டாகும். இருட்டில், குளிரில் வையுங்கள், பழையதைத் தயங்காமல் கொட்டுங்கள்.

இனி, புரதப் படிகம் போலத் தோன்றி ஏமாற்றும் உப்புப் படிகம். கொள்ளு எங்கள் பக்கத்து மானாவாரிப் பயிர். அதன் விதையிலிருக்கும் லெக்டின் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்), ஏ ரத்தவகையின் உட்பிரிவான ஏ1ஐ ஏ2விலிருந்து பிரித்தறிய உதவுவது. அதன் வடிவம் 1999லேயே வெளியாகிவிட்டது. பயறுவகை லெக்டின்களுக்குக் கால்சியமும் மாங்கனீசும் தேவை என்பதால் புரதம் கரைந்திருக்கும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) அவற்றைச் சேர்ப்போம். குழிக் கரைசலில் பாஸ்பேட் இருந்தால் கால்சியம் பாஸ்பேட் அழகான படிகமாக மின்னி ஏமாற்றும். புரதம் சேர்க்காமல் பஃபர் மட்டும் இட்ட துளி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டும் பார்க்கலாம்: புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர் என்பதால் சாயம் உள்ளே ஊறும், உப்பில் ஊறாது. ஊசியால் அழுத்தினால் புரதம் பொலபொலவென்று உதிரும். உப்பு கடினமாக எதிர்த்து நின்று டிக்கென்று உடையும். ஒரே ஒரு படிகம்தான் இருக்கிறது என்றால் ஊசியைத் தொடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ரோபோ 100 நானோலிட்டரில் முடிப்பதற்கு இங்கே ஒரு மைக்ரோலிட்டர், அதாவது பத்து மடங்கு புரதம், செலவாகிறது. ஆகவே படிகம் வரும் கரைசல் நிலையை நூற்றுக்கணக்கானவற்றில் தேடும் முதல் கட்டத்தை ரோபோ உள்ள ஆய்வகத்தில் முடித்துவிட்டு, கிடைத்த நிலையைச் செம்மைப்படுத்த மட்டும் இந்தத் தட்டுக்கு வாருங்கள். செம்மைப்படுத்தும் வேலைக்கு இதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை: ஒரு கண்ணாடியை மட்டும் தூக்கிப் படிகத்தை எடுக்கலாம், மற்ற 23 குழிகளுக்கும் ஒன்றும் ஆகாது.

தட்டோடு பெங்களூருக்குப் பயணம் போவதற்கு மட்டும் இது ஏற்றதல்ல. ஓசூர் வழியாகப் பஸ்ஸில் குலுங்கிப் போகும்போது தொங்கும் துளி வழுக்கிக் குழிக்குள் விழுந்துவிடும். எடுத்துச் செல்வதாக இருந்தால் அதே நிலையைத் துளி உட்காரும் வகைத் தட்டில் வளர்த்துக்கொள்ளுங்கள். அதையும் பெட்டிக்குள் வைத்து, மடியில் சமமாகப் பிடித்துக்கொண்டு போங்கள்.