பி2பி ஏபிஐ: 504 வந்தால் ஆர்டர் விழுந்ததா, இல்லையா?

பி2பி கடன் தளத்தில் (நம்மைப் போன்றவர்கள் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் தளம்) நோட்டுகளை, அதாவது அந்தக் கடன்களின் பங்குகளை, நான் ஏபிஐ வழி வாங்குகிறேன்: ஆப்பைத் தொடாமல் என் பைத்தான் ஸ்கிரிப்ட் நேரடியாகத் தளத்தின் சர்வரோடு பேசும். செந்தூல் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆப்பிலேயே ஆட்டோ இன்வெஸ்ட் இருக்கே, எதுக்கு ஏபிஐ, பைத்தான்னு மெனக்கெடுறீங்க?" நியாயமான கேள்விதான். ஆட்டோ இன்வெஸ்ட் ரேட்டிங் பார்க்கும், தவணைக் காலம் பார்க்கும், ஒரு நோட்டுக்கு எவ்வளவு ரிங்கிட் என்று பார்க்கும்; அதோடு சரி. "இதே கம்பெனியின் பழைய நோட்டு இன்னும் தாமதத்தில் கிடக்கிறது, புதியதைத் தொடாதே" என்று அதற்குச் சொல்ல வழியில்லை. கோடில் அது நாலு வரி. அந்த நாலு வரிக்காகத்தான் மற்ற எல்லா அவஸ்தையும்.

தளத்தின் பெயர் வேண்டாம். பதிவு செய்த தளம்தான், பணம் டிரஸ்ட் கணக்கில்தான் இருக்கிறது, அதில் குறை இல்லை. குறை ஆர்டர் எண்ட்பாயிண்டில், அதாவது ஆர்டரை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ முகவரியில்.

நடப்பது இதுதான். பகல் 12 மணிக்கு நோட்டு திறக்கிறது. 12:00:02-க்கு 200 ரிங்கிட் ஆர்டர் போகிறது. 30 வினாடி கழித்து 504, அதாவது "உள்ளிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை" என்ற பிழை. ஆர்டர் பட்டியலைக் கேட்டால் காலி. இருப்பும் குறையவில்லை. விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பினால், ஒரு நிமிடத்தில் இரண்டும் ஜோடியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே கம்பெனியில் 400 ரிங்கிட். ரத்து செய்ய எண்ட்பாயிண்ட் கிடையாது. மின்னஞ்சல் அனுப்பினால், பதில் வருவதற்குள் நோட்டு நிறைந்துவிடும்.

முன்வாசலில் இருக்கும் கேட்வே 30 வினாடியில் கைவிட்டுவிடுகிறது. உள்ளே க்யூவில் போன வேலை பாட்டுக்கு ஓடி முடிகிறது. இதற்கு மருந்து ஊரறிந்தது: ஆர்டரோடு நாம் ஒரு தனி எண் அனுப்ப வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே தர வேண்டும். பேமெண்ட் ஏபிஐக்களில் ஐடெம்பொட்டன்சி கீ என்று எத்தனையோ வருடமாக இருப்பதுதான். அமெரிக்காவின் லெண்டிங் கிளப், சில்லறை நோட்டுகளை 2020 கடைசியில் நிறுத்தும்வரை, ஒரு ஆர்டரில் பல கடன்களை அனுப்பினாலும் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கிடைத்தது, கிடைக்காததற்குக் காரணம் என்ன என்று அந்தப் பதிலிலேயே எழுதித் தந்தது. இங்கே கேட்டால் "ஆப்பைப் பயன்படுத்துங்கள்" என்கிறார்கள். ஆப் பின்னால் இருப்பதும் இதே எண்ட்பாயிண்ட்தானே!

எனவே காவலை நாம்தான் போட வேண்டும். பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட்டை (எத்தனை வினாடி காத்திருப்பது என்பதை) ஒரே எண்ணாகக் கொடுக்காமல் (3, 60) என்று ஜோடியாகக் கொடுங்கள். முதல் எண் இணைப்புக்கு: அது தவறினால் ஆர்டர் போகவே இல்லை, தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். இரண்டாவது பதிலுக்கு: அது தவறினாலும் 504 வந்தாலும் மறுபடி அனுப்பக்கூடாது. ரெக்வெஸ்ட்ஸின் அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3-இன் ரீட்ரை, பதில் வராத போஸ்டை (ஆர்டர் போகும் கோரிக்கை வகை) இயல்பில் தானாகத் திருப்பி அனுப்பாது. இணையத்தில் கிடைக்கும் துண்டுக் கோடுகளில் பலர் தானாகத் திருப்பி அனுப்பும் பட்டியலில் போஸ்டையும் சேர்த்து வைத்திருப்பார்கள். முதலில் அதைத் தூக்குங்கள். ஆர்டர் அனுப்பும் முன்பே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் நோட்டு எண், தொகை, "அனுப்பப்படுகிறது" என்று ஒரு வரி. நோட்டு எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, ஒரே எண் இருமுறை பதியாது. பதில் தெரியாவிட்டால் அந்த வரி "சந்தேகம்" ஆகும். ஐந்து நிமிடம் கழித்து ஆர்டர் பட்டியல், கைவசமுள்ள நோட்டுகள் இரண்டையும் பார்த்த பிறகே முடிவு. அதற்குள் நோட்டு போய்விட்டால் போகட்டும், நாளைக்கு வேறு வரும்.

இருப்புத் தொகையையும் நம்ப வேண்டாம். அடுத்தடுத்து நாலு ஆர்டர் போட்டால் நாலுக்கும் பழைய இருப்பையே காட்டி ஏற்றுக்கொண்டு, பிறகு கடைசி இரண்டைத் தள்ளுபடி செய்யும். நம் ஏட்டில் நாமே கழித்துக்கொண்டே வர வேண்டும். மலேசிய விதிப்படி நிர்ணயித்த தொகையில் 80 விழுக்காடாவது திரளாவிட்டால் கம்பெனி பணத்தை எடுக்க முடியாது, நமக்கே திரும்பும். அதையும் ஏட்டில் வரவு வைக்காவிட்டால் கணக்கு என்றைக்குமே ஒட்டாது. தொகையைத் துல்லியம் குறையாத டெசிமலாகவே படியுங்கள், சர்வர் பதிலைப் படிக்கும் ஜேசன் லோட்ஸில் பார்ஸ் ஃப்ளோட்டை மாற்றினால் போதும். தோராயமான ஃப்ளோட்டில் ஒரு சென் தேய்ந்தாலும் சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று முகத்தில் அடிக்கும்.

டைமர் விஷயம் சின்னது, ஆனால் பலரும் மாட்டுவது: லினக்ஸில் ஸ்கிரிப்ட்டை நேரத்துக்கு எழுப்பும் சிஸ்டம்டி டைமருக்கு இயல்பாக ஒரு நிமிடம் வரை தாமதிக்கச் சலுகை உண்டு. அதன் ஆக்யுரசிசெக் அமைப்பை 1 வினாடி ஆக்காவிட்டால் நல்ல நோட்டு பாதி நிறைந்த பிறகுதான் உங்கள் ஸ்கிரிப்ட் கண் விழிக்கும். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) பேசுகிறது. நமக்கு 8 மணி நேரம் கூட்டல். தைப்பூச விடுமுறையில் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து இணையவழிப் பணம் செலுத்தும் முறை) வழி போட்ட பணம் மறு வேலைநாளில்தான் தளத்தின் இருப்பில் ஏறுகிறது, அதனால் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். திருப்பிச் செலுத்தும் விவரத்தைத் தரும் எண்ட்பாயிண்ட் தங்கம். தவணை வாரியாக அசல், லாபம், தாமத நாள், தளக் கட்டணம் எல்லாம் தனித்தனிப் புலம். இஸ்லாமிய நோட்டுகளில் தாமதத்துக்கான தஅவித் இழப்பீட்டையும், அறப்பணிக்குப் போகும் கராமா அபராதத்தையும்கூடப் பிரித்துக் காட்டுகிறது. ஆப்பில் இது மொத்தமாக ஒரே எண்ணாகத்தான் தெரியும். எந்த கம்பெனி இரண்டாம் தவணையிலேயே தள்ளாட ஆரம்பிக்கிறது என்பது ஆப்பின் நிறம் மாறுவதற்கு முன்பே இங்கே தெரிந்துவிடும்.

நண்பருக்குப் பதில்: மாதம் ஐந்தாறு நோட்டு வாங்குகிறவர் என்றால் வேண்டாம். படிக்க மட்டும் ஏபிஐ, வாங்குவது கையால். என் ஸ்கிரிப்ட்டோ ஆர்டர் போட்டுக்கொண்டுதான் இருக்கும். ஏபிஐக்கான நுழைவு டோக்கனைப் போன வாரம்தான் புதுப்பித்தேன்.