கூண்டிலேயே கழியும் நாய்க்குட்டி: எந்தப் பயிற்சி பொருந்தும்?

நாய்க்குட்டி கூண்டை அசுத்தம் செய்கிறது என்று சொன்னதும் பெரும்பாலானோர் தரும் முதல் யோசனை, கூண்டைச் சிறிதாக்குங்கள் என்பதுதான். அதற்குப் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது. பிறந்த புதிதில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிகள் கழியும். கழிவையும் தாயே அகற்றிவிடும். ஏறக்குறைய 3 வார வயதில் தாமாகக் கழியத் தொடங்கும்போது, படுத்திருக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிப் போக அவை முயல்கின்றன. படுக்கையை நனைக்க விரும்பாத இந்த இயல்பை நம்பித்தான் கூண்டுப் பயிற்சி முழுவதும் அமைந்துள்ளது. எழுந்து நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் மட்டும் இடம் இருந்தால் குட்டி அடக்கிக்கொள்ளும். வெளியே கொண்டுபோனதும் கழியும். அந்த நொடியிலேயே ஒரு துண்டுத் தீனி கொடுத்துத் தட்டிக்கொடுத்தால் அந்த இடம் அதன் மனத்தில் பதியும். தாயோடு சுத்தமான இடத்தில் வளர்ந்த குட்டிக்கு இதைவிட விரைவான வழியை நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பத்து வார வயதில் வந்த லாப்ரடார் குட்டி அப்படி வளர்ந்ததல்ல. விற்றவரிடம் அது கம்பிக் கூண்டில், விரித்த துணியின் மேலேயே உண்டு, உறங்கி, கழிந்து வளர்ந்திருந்தது. எந்தத் தரையில் கழிவது என்ற பழக்கம் குட்டிகளுக்கு ஏறத்தாழ 7 முதல் 9 வார வயதுக்குள் படிந்துவிடுகிறது. எங்கள் குட்டிக்கு அது துணியில் படிந்திருந்தது. சிறிய கூண்டில் விட்ட முதல் இரவு, விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அடிவயிற்று மயிர் ஈரத்தில் ஒட்டிக்கிடக்க, நனைந்த விரிப்பின் மேலேயே தாடையை வைத்து அது அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் அதற்கு உறுத்தவே இல்லை. உறுத்தல் இல்லாத குட்டியை மேலும் குறுகிய இடத்தில் அடைத்தால், எஞ்சியிருக்கும் சிறிது தயக்கமும் தேய்ந்துபோகும் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாவது வழி, கூண்டுக்குப் பதிலாக நான்கடிக்கு நான்கடி அளவில் ஓர் அடைப்பு அமைத்து, ஒரு பாதியைப் படுக்கைக்கும் மறு பாதியைக் கழிவதற்கும் பிரித்துக் கொடுப்பது. கழியும் பாதியில் செய்தித்தாள் விரிப்பது வழக்கம். மலிவானது, அள்ளிப் போடவும் எளிது. ஆனால் பின்னாளில் தரையில் எந்தத் தாள் கிடந்தாலும் குட்டி அதை நாடும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற உறிஞ்சு விரிப்போ, துணிக்குப் பழகிய குட்டிக்குப் பழைய பழக்கத்தையே நினைவூட்டும். ஆகவே நாங்கள் ஒரு பெரிய தட்டில் ஊறவைத்த தென்னை நார்த்தூளைப் பரப்பினோம். தெருமண்ணைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: தடுப்பூசி வரிசை 16 வார வயது வரை நீளும், குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குன்றாமல் இருக்கும். நார்த்தூளைக் குட்டி தின்கிறதா என்று மட்டும் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தின்னும் குட்டிக்குப் புல் பத்தையே ஏற்றது. காலுக்கடியில் மண்போல நெகிழும் தரைக்குப் பழகிய குட்டியை, பிறகு வெளித்தரைக்கு மாற்றுவது கடினமாக இல்லை. இந்த வழியின் குறை வேகம்தான். வீட்டுக்குள் கழியலாம் என்ற அனுமதியை நாமே சில வாரங்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது வழியில் கூண்டும் இல்லை, அடைப்பும் இல்லை. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி, மறுமுனையை நம் இடுப்பில் முடிந்துகொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறையும், உறங்கி எழுந்ததும், உண்ட கால் மணி நேரத்திலும் கழியும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தரையை முகர்ந்து வட்டமிடும் அந்தச் சில நொடிகள் நம் கண்ணில் தப்பாதவரை தவறு நேராது. மதிலுக்குள் வாசல் உள்ள தனிவீட்டில், பகல் முழுதும் ஆள் இருக்குமானால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம். இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு இது நடவாத காரியம். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிக்கணக்கே குட்டி அடக்கக்கூடிய உச்ச வரம்பு என்பார்கள். இரண்டு மாதக் குட்டியைக் காலை முதல் மாலை வரை அடைத்துவிட்டுச் சுத்தத்தை எதிர்பார்ப்பது கொடுமை.

கழிந்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதையும் அடிப்பதையும் ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மனிதர் முன்னிலையில் கழிந்தால் ஆபத்து என்று மட்டுமே குட்டி கற்றுக்கொள்ளும். பிறகு வெளியே நம் எதிரில் அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து கட்டிலுக்கடியில் கழியும்.

எந்த வழியானாலும் வயிறு சரியாக இருக்க வேண்டும். பால்சோறு பல குட்டிகளுக்குப் பேதியைத் தரும். பேதியை எந்தக் குட்டியாலும் அடக்க முடியாது. குடற்புழுவோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் பயிற்சி பலிக்காது என்பதால், சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழியும் குட்டியை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழிந்த இடத்தைப் பினாயிலால் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாடை மறையும். நொதி (என்சைம்) கலந்த திரவமே நாயின் மூக்குக்கும் அதை அகற்றும்.

நாங்கள் பகலில் ஆள் இருந்தபோது கயிற்றையும், இல்லாதபோது அடைப்பையும் கைக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து, நன்றாகக் கழுவி உலர்த்திய கூண்டைத் துணி விரிக்காமல், கதவு திறந்தபடி வைத்து, வேளைதோறும் உணவை அதற்குள்ளேயே கொடுத்தோம். உண்ணும் இடமாகக் கூண்டு மாறிய பிறகுதான் இரவில் கதவைச் சாத்தினோம். நடுவில் இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை கூண்டுக்கு வெளியே விட்டோம். ஐந்தாம் நாள் இரவு, நாங்கள் எழுவதற்கு முன்பாகவே கதவைப் பிறாண்டி முனகும் சத்தம் கேட்டது. குட்டியைத் தூக்கிக்கொண்டு கூண்டின் தரையைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.