எஸ்டிபிக்கு ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி: இரண்டாக வாங்குங்கள்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் கையில் முதலில் கொடுத்தது ஒரு லிட்டர் மெஷரிங் ஜாடி. இப்போது சென்னையில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், என் பொறுப்பில் இருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டிஓ மீட்டர், பிஎச் மீட்டர் எல்லாம் வந்துவிட்டன. காலையில் போனதும் நான் தேடுவது இன்னும் அந்த ஜாடியைத்தான்.

கழிவுநீருக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு ஊற்றி, நிழலில் அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். ஸ்லட்ஜ், அதாவது நுண்ணுயிர்கள் நிறைந்த சேறு, எத்தனை மில்லியில் படிந்து நிற்கிறதோ அதுதான் எஸ்வி30. அது 300 மில்லி, டேங்க் நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவான எம்எல்எஸ்எஸ் லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்றால், ஒரு கிராம் ஸ்லட்ஜ் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்று காட்டும் எஸ்விஐ 100. நல்ல நிலை. 150-ஐத் தாண்டினால் நூல்போல வளரும் பாக்டீரியா கூடிவிட்டதா என்று கவனிப்பேன். நான் ஜாடியை உடனே கழுவ விடுவதில்லை. இன்னும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் படிந்த ஸ்லட்ஜ் குமிழோடு மேலே வந்தால் அது நைட்ரஜன் வாயு. ஸ்லட்ஜைப் படியவிடும் தொட்டியான கிளாரிஃபையரில் அது அதிக நேரம் தங்கக் கூடாது என்று புரிந்துகொள்ளலாம்.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும், ஸ்லட்ஜில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இந்த முறையை அறிவித்ததே கண்ணாடி பாட்டில்களில் செய்து பார்த்துத்தான். காற்று ஊதினார்கள், படியவிட்டார்கள், தெளிந்ததை வடித்துவிட்டு, படிந்ததன் மேலேயே மறுபடி கழிவுநீரை ஊற்றினார்கள்.

குறை என்றால், ஜாடி குறுகல். ஸ்லட்ஜ் அடர்த்தியானால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்காது. போன வருடம் ஓரிடத்தில் 880 மில்லியிலேயே நின்றுவிட்டது. “சார், பல்கிங் ஆயிடுச்சு, பிளீச்சிங் போட்டுடலாமா?” என்றார் ஆபரேட்டர். பல்கிங் என்றால் நூல் பாக்டீரியா கூடி ஸ்லட்ஜ் உப்பிப் படியாமல் போவது. இன்னொரு ஜாடியில் பாதிக்குப் பாதி சுத்திகரித்த நீரைக் கலந்து வைத்தோம். இடம் கிடைத்ததும் 300க்கு இறங்கியது. பல்கிங் இல்லை, ஸ்லட்ஜ்தான் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. அப்புறம் விசாரித்தால், ஸ்லட்ஜிலிருந்து நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் பழுதாகி மூன்று வாரமாக ஸ்லட்ஜை வெளியேற்றவே இல்லை. பிளீச்சிங் போட்டிருந்தால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த உயிர்களைக் கொன்றிருப்போம். எனக்கு இன்றும் பதறுகிறது.

அதனால்தான் இரண்டு வாங்கச் சொல்கிறேன். வசதி இருந்தால் இதற்கென்றே உள்ள அகலமான இரண்டு லிட்டர் ஜாடியான செட்டிலோமீட்டர் இன்னும் சரியாகக் காட்டும். பிளாஸ்டிக் ஜாடி உடையாது, சரி. ஆனால் பிரஷ் கீறிக் கீறி மங்கிவிடும். பிறகு கலங்கியது நீரா ஜாடியா என்றே தெரியாது. கண்ணாடியே வாங்குங்கள், கழுவியபின் சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு முறை அலசுங்கள்.