பாதி விலையில் சூடான ஹர்காவ், முழு விலையில் ஆறியது

எங்கள் பேட்டைக் கடைத்தொகுதியின் இரண்டாம் தளத்து டிம்சம் (சின்னச் சின்னக் கூடைகளில் தரும் சீனச் சிற்றுண்டி) கடையில் இப்போது வார நாள்களில் மாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஆவியில் வேகும் கூடைகள் எல்லாம் பாதி விலை. வாசலில் சிவப்புப் பலகை வைத்துவிட்டார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பி, “நீங்கதான் அடிக்கடி போறீங்களே, எப்படி இருக்கும்? ஊரிலிருந்து மாமனார் மாமியார் வர்றாங்க, கூட்டிட்டுப் போகலாமா?” என்று நண்பர் கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கடை திறந்த காலத்திலிருந்து போய்க்கொண்டிருப்பவனுக்கு இரண்டு வரி எப்படிப் போதும்?

கடைப் பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதிகளில் இதே அச்சில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்: கறுப்பு மேசை, அதன் மூலையில் ஒட்டிய கியூஆர் குறியீடு, கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் மூங்கில் கூடைகள், ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் வரிசை. மேலே மூடாமல் விட்ட பன்றி இறைச்சிக் கொழுக்கட்டையான சியூமாய் எது, பன்றி இறைச்சி வைத்த ஆவிப் பன்னான சார் சியூ பாவ் எது என்றெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் கோபத்தில் விட்டுப்போகும்.

சமையல் நன்றாக இருக்கிறது. பேட்டைக் கடைக்கு இது போதும் என்ற சலுகையோடு சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இறால் வைத்து ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டையான ஹர்காவை எடுத்துக்கொள்ளுங்கள். குளூட்டன் என்ற புரதத்தை அலசி எடுத்த பிறகு மிஞ்சும் கோதுமை மாவுச்சத்தோடு கொஞ்சம் மரவள்ளி மாவைச் சேர்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிசைகிற மாவு அது. எண்ணெய் தடவிய கத்தியின் அகலப் பக்கத்தால் ஒரே அழுத்து அழுத்தி வட்டமாக்கி, இறாலை வைத்து, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மூடுவார்கள். வெந்ததும் தோல் கண்ணாடிபோல ஆகி, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். இந்தக் கடையில் தெரியும். கடித்தால் இறால் நறுக்கென்று உடையும். சமையல் சோடா போன்ற காரப்பொருள் சேர்த்த தண்ணீரில் ஊறவைத்து, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசினால்தான் அந்தப் பதம் வரும். அவசரத்தில் அலசாமல் விட்டால் சோப்பு வாடை அடிக்கும். இங்கே ஒருநாளும் அடித்ததில்லை.

உப்பு முட்டைக் கரு வைத்த லியு சா பாவும் அப்படித்தான். பிட்டதும் மஞ்சள் குழம்பு வழிந்து விரலைச் சுடும். அரிசி மாவை மெல்லிசாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டி, இனிப்புக் கலந்த சோயாவை மேலே ஊற்றித் தரும் சீ சோங் ஃபன் நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். முள்ளங்கி கேக்கின் அடிப்பக்கத்தைச் சட்டியில் நன்றாகச் சிவக்கவிட்டுக் கொடுக்கிறார்கள். பல கடைகளில் அது வெறும் வெள்ளைக் களியாக வரும்.

இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழுவதுதான் என் குறை.

டிம்சம் பண்டங்களில் முக்கால்வாசிக்கு ஆயுசு குறைவு. ஹர்காவின் தோல் சூட்டோடு இருக்கும்போதுதான் மெத்தென்று நெகிழும். பிள்ளையார் சதுர்த்தியன்று மதியம் செய்த கொழுக்கட்டை ராத்திரி விறைத்துப் போவதுபோல, ஆற ஆற மாவுச்சத்து இறுகி, கண்ணாடித் தோல் மங்கி, மடிப்பு வெடிக்கும். கொழுக்கட்டைக்காவது சில மணி நேரம் ஆகும். ஹர்காவ் நான் பாவைப் பிட்டு முடிப்பதற்குள் கெட்டுவிடுகிறது. அப்புறம் அடியில் இருக்கிற காகிதம். சூடாக இருக்கும்போது பேசாமல் விட்டுக்கொடுக்கும். ஆறியதும் கோந்துபோல ஒட்டிக்கொள்ளும். சாப்ஸ்டிக்கால் மேலே பிடித்துத் தூக்கினால் தொப்பி மட்டும் கையோடு வரும், அடித்தோல் காகிதத்திலேயே நிற்கும், இறால் சோயாக் கிண்ணத்தில் போய் விழும். லியு சா பாவில் வெண்ணெய் இறுகிவிட்டால் குழம்பு வழியாது, பிசுபிசுப்பாக நிற்கும். சீ சோங் ஃபன் தடித்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும்.

அதனால்தான் இதையெல்லாம் இரண்டிரண்டு கூடையாகச் சாப்பிட வேண்டும். பழைய கடைகளில் அந்த வேகம் தானாக அமைந்திருந்தது. சின் சுவீ ரோட்டில் 1974 முதல் இருக்கும் ரெட் ஸ்டார் தள்ளுவண்டிக்குப் பெயர்போன இடம். வண்டி பக்கத்தில் வரும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டி வரும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். வண்டி இல்லாத கடைகளில் ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள். இரண்டைக் குறித்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டபின் அடுத்த தாளைக் கேட்கலாம்.

எங்கள் கடையில் பூனை முகம் போட்ட ரோபோ ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதன்மேல் உயிர். கண் சிமிட்டும், பாட்டுப் பாடும், வழியில் நின்றால் தள்ளி நிற்கச் சொல்லும். எனக்கும் அதனிடம் நேரடி விரோதம் கிடையாது. ஆனால் அதன் வயிற்றில் அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கின்றன அல்லவா, கூட்ட நேரத்தில் அவை நிரம்பாமல் சமையலறைக்காரர்கள் அதை அனுப்புவதே இல்லை. வெந்த ஹர்காவ் தட்டில் உட்கார்ந்து சியூமாய்க்காகக் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து முள்ளங்கி கேக்குக்காகக் காத்திருக்கும். எல்லாரும் வந்து சேர்ந்ததும் பூனை பாடிக்கொண்டே கிளம்பும். நடுவில் எந்தப் பிள்ளையாவது குறுக்கே நின்று கட்டிப்பிடித்தால் அதற்கும் ஒரு நிறுத்தம்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்க்காமலா இருப்பேன்? சனி, ஞாயிறு மேசைக்கு 75 நிமிடம்தான் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு கூடையைக் கைப்பேசியில் அனுப்பி, அது வந்து, சாப்பிட்டு, அடுத்த இரண்டை அனுப்பினால் அது வரிசையின் கடைசியில் போய் நிற்கும். மூன்றாம் சுற்றுக்குள் பில்லை மேசையில் வைத்துவிடுவார்கள். ஆகவே கூட்ட நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புவதைத் தவிர வழியில்லை. அப்படி அனுப்பினால் எந்த வரிசையில் சாப்பிடுவது என்பதற்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முதலில் ஹர்காவ், வேறு யார் என்ன பேசினாலும் அதுதான் முதலில். உடனே சீ சோங் ஃபன். மூன்றாவதாக லியு சா பாவ், இனிப்பு கடைசியில்தான் என்கிற மரியாதையெல்லாம் இங்கே செல்லாது. சியூமாயின் தோல் கோதுமையும் முட்டையும் சேர்ந்தது, அது கொஞ்சம் பொறுக்கும். தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசிக் கோழியும் கஞ்சியும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவை கடைசிவரை காத்திருக்கட்டும். நிம்மதியாகச் சாப்பிட வந்த இடத்தில் இப்படி நேர அட்டவணை போட்டுச் சாப்பிடுவதே எரிச்சல்தான்.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்த ஒரே மனிதத் தொடர்பு, தேநீர் ஊற்றும் வயதான சீன ஆன்ட்டி. தேநீர்க் கூஜாவின் மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று பொருள். கான்டனீஸ் தேநீர்க்கடை வழக்கம் அது. இளம் ஊழியர்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, கைப்பேசியில் ‘வெந்நீர்’ பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இந்த ஆன்ட்டிக்கு மட்டும் கடையின் அந்தக் கோடியிலிருந்தே மூடி தெரிந்துவிடும். பெரிய கெண்டியோடு வந்து, “வெயிட் ஆ, வெரி ஹாட்” என்று என் கையை மெல்லத் தள்ளிவிட்டு ஊற்றுவார். இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னால் அவருக்கு ஒரே சிரிப்பு.

இப்போது காசு. பட்டியலில் நான்கு துண்டு ஹர்காவ் 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 80 காசு. அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஜிஎஸ்டி. 2022 வரை 7 விழுக்காடாக இருந்த வரி 2023இல் 8 ஆகி, 2024இல் 9 ஆகிவிட்டது. ஆக 8 வெள்ளி 15 காசு. ஒரு துண்டு இரண்டு வெள்ளிக்கு மேல். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு, கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் தனி. வேர்க்கடலையைத் திருப்பி அனுப்பலாம், நான் அனுப்பிவிடுவேன். வரியைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை, எல்லாக் கடைக்கும் அதே வரிதான். ஆனால் சேவைக் கட்டணம்? இடத்தை நானே பிடிக்கிறேன், ஆர்டரை நானே தட்டுகிறேன், கொண்டுவருவது பூனை, அதன் வயிற்றிலிருந்து கூடைகளை இறக்குவதும் நான், காசைக் கைப்பேசியில் கட்டுவதும் நான். உணவங்காடியில் தட்டை நாமே எடுத்து வைக்கிறோம் என்றால் அங்கே சேவைக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது.

மாமனார் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றாலும் பன்றி இறைச்சி ஒத்துவருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துவராது என்றால் சியூமாய், சார் சியூ பாவ் இரண்டும் போய்விடும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கூட்டிப் போகவே வேண்டாம். முள்ளங்கி கேக் என்று பெயர் பார்த்து ஏமாறக்கூடாது, வழக்கமாக அதில் உலர்ந்த இறாலும் சீனத் தொத்திறைச்சியும் கிடக்கும். முட்டை டார்ட்டின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற பழக்கம் உண்டு. காளான் பாவ் ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் கூடை கூடையாக இறக்கினால் நன்றாகவா இருக்கும்? அவர்களுக்கு டிம்சம் காட்டத்தான் வேண்டும் என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் சாமான் வாங்கிவிட்டு ஜாலான் புசாருக்கு நடந்து ஸ்வீ சூனுக்குப் போங்கள். 1962 முதல் இருக்கிற கடை, கூச்சலும் நெரிசலுமாக இருக்கும், ஆனால் ஊர் திரும்பியதும் சொல்லிக்கொள்ள ஏதாவது மிஞ்சும்.

அந்தச் சிவப்புப் பலகைச் சலுகை உண்மையா என்றால், உண்மைதான். போன வாரம் விடுப்பில் இருந்ததால் மூன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கடை காலி. பூனை ரோபோ மூலையில் மின்னூட்டத்தில் கண்மூடிக் கிடந்தது. ஆன்ட்டியே ஒவ்வொரு கூடையாகக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. ஹர்காவ் காகிதத்தை விட்டு முழுசாக எழுந்து வந்தது. இரண்டு கூடை முடித்தேன், தேநீர் குடித்தேன், யாரும் பில்லை நீட்டவில்லை, அப்புறம் இன்னும் இரண்டு சொன்னேன். கூடைக்கு வரியெல்லாம் சேர்த்து 4 வெள்ளி 8 காசு. இந்த விலைக்கு இவ்வளவு நல்ல ஹர்காவ் எங்கள் வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காது.

இதுதான் எனக்குக் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. அதே மாவு, அதே இறால், அதே கைகள். பாதிக் காசு கொடுக்கிறவனுக்குச் சூடாகவும், ஞாயிற்றுக்கிழமை முழுக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறவனுக்கு ஆறிப்போயும் கிடைக்கிறது. இவர்களால் ஒழுங்காகப் பரிமாற முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது, கூட்ட நாளில் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவன் வார நாளில் மூன்று மணிக்கு எங்கே போவான்?

அதனால் என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சமையலறைக்கு இது நியாயமில்லை என்று தெரியும், இருக்கட்டும். அந்தப் பத்து விழுக்காடு நேராக ஆன்ட்டியின் கைக்குப் போகிறது என்று கடைக்காரர் எழுதி ஒட்டினால் மூன்றாக்கிவிடுகிறேன்.