டிரைவர் கர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

முப்பந்தல் காற்றாலையில் சென்சார் அளவுகளைச் சேகரிக்கும் சிறு லினக்ஸ் கணினிக்கு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எழுதுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: அதை இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு உள்ளே வைப்பதா, வெளியே சாதாரண புரோகிராமாக ஓட்டுவதா?

உள்ளே இருந்தால் இன்டரப்ட்டை (கருவி சிபியுவின் கவனத்தைக் கோரும் சிக்னலை) நேரடியாகக் கையாளலாம், வேகம் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு தவறான பாயின்டர் (நினைவக முகவரி) மொத்த சிஸ்டத்தையும் சாய்த்துவிடும். 2024 ஜூலை 19 அன்று, கர்னலில் ஓடிய ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

வெளியே ஓடினால், விழுந்தாலும் அந்த புரோகிராம் மட்டும்தான் விழும், மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் இதைத் தானாகவே செய்கிறது. லினக்ஸில் இப்படி வெளியே டிரைவரை ஓட்ட 2007-இல் யுஐஓ, 2012-இல் விஎஃப்ஐஓ என்ற வசதிகள் வந்தன. இரண்டாவதே மேல்: சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு என்ற வன்பொருளின் துணையோடு, சாதனம் தனக்கு ஒதுக்காத நினைவகத்தில் டிஎம்ஏ மூலம் (சிபியு வழியாகப் போகாமல் நேரடியாக) எழுதுவதைத் தடுக்கிறது. யுஐஓவில் அந்தக் காவல் இல்லை.

சரி, வேகம்? கர்னலுக்கும் புரோகிராமுக்கும் மாறி மாறிப் போகும் செலவு உண்டுதான். ஆனால் நெட்வொர்க் கார்டுகளில் டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு, இன்டரப்ட்டுக்குக் காத்திராமல் போலிங் செய்து (ஓயாமல் தானே கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்து) வேகத்தைப் பிடிக்கிறது. அதற்கு விலையாக ஒரு சிபியு கோர் முழுதாகப் போய்விடும்.

நொடிக்கொருமுறை காற்றின் வேகத்தைப் படிக்கும் யுஎஸ்பி கருவிக்கு கர்னலுக்கு வெளியிலிருந்தே யுஎஸ்பி கருவிகளோடு பேச உதவும் லிப்யுஎஸ்பி என்ற நிரல் தொகுப்பு தாராளமாகப் போதும், கர்னலைத் தொடவே வேண்டாம். ஆடிக் காற்றில் ரீபூட் செய்ய ஓர் ஆளைக் கோபுரம் ஏற்றுவது சரியல்ல.