பொதுக் கிளஸ்டரில் யாருக்கு எவ்வளவு?

மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டிய ரிப்போர்ட். கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைத்த இயந்திரங்களின் கூட்டத்தில், ஜாபைப் போட்டு நாற்பது நிமிடம் ஆகியும் ‘அக்செப்டட்’ என்றே நின்றது. ஜாப் ஓட மெமரியும் பிராசஸர் கோரும் சேர்த்துத் தரும் பங்குக்குக் கண்டெய்னர் என்று பெயர். அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பக்கத்து டீமின் ஒரே ஜாப் மெமரி முழுவதையும் பிடித்திருந்தது, கோர்களில் பாதி சும்மா கிடந்தது. வந்த வரிசையில் ஓட்டும் முறைக்கு இதுதான் கதி: பந்திக்கு முந்தியவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் பட்டினி. பல டீம்கள் பகிரும் இடத்துக்கு இது உதவாது.

மாற்றாக, கிளஸ்டரின் வளங்களைப் பங்கிடும் மென்பொருளான ஹடூப் யார்னில் இரண்டு ஷெட்யூலர்கள் (யாருக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்பவை) உண்டு. யாஹூவில் உருவான கெபாசிட்டி ஷெட்யூலர் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு கியூவும் அதற்கு இத்தனை சதவீதம் என்ற உத்தரவாதமும் தருகிறது. சும்மா இருக்கும் பங்கை அடுத்த கியூ கடன் வாங்கலாம். சிக்கல், திருப்பிக் கொடுப்பதில்தான். ஓடும் கண்டெய்னரை நிறுத்தி இடத்தைப் பிடுங்கும் ப்ரீஎம்ப்ஷன் இயல்பாக அணைந்தே இருப்பதால், கடன் வாங்கியவரின் கண்டெய்னர் தானாக முடியும்வரை சொந்தக்காரர் காத்திருக்க வேண்டும். ஒரே கியூவுக்குள் இயல்பில் மறுபடியும் வந்த வரிசைதான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

ஃபேஸ்புக்கில் வளர்ந்த ஃபேர் ஷெட்யூலர், ஓடும் ஜாப்களுக்குக் காலப்போக்கில் சமபங்கு போகும்படி பார்த்துக்கொள்கிறது. தனியாக இருந்தால் முழு கிளஸ்டரும் உங்களுக்கு. இன்னொருவர் வந்தால், கண்டெய்னர் காலியாகக் காலியாக அவருக்குப் போகும். சின்னச் சின்ன ஜாப்கள் நிறைய வரும் இடத்தில் இதுவே நல்லது.

ஆனால் எதைச் சமமாக்குகிறோம்? அமைப்பை மாற்றாதவரை இரண்டும் பார்ப்பது மெமரியை மட்டும். 64 ஜிபி மெமரியும் 16 கோரும் உள்ள இயந்திரத்தில், 2 ஜிபியும் 4 கோரும் கேட்கும் கண்டெய்னர்கள் மெமரிக் கணக்கில் 32 வரை ஏறிவிடும். 128 கோர் வேலை 16 கோரின் தலையில்! திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், ஜாப்கள் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு 2011இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் அலி கோட்சியும் சகாக்களும் சொன்ன வழி டிஆர்எஃப் (டாமினன்ட் ரிசோர்ஸ் ஃபேர்னஸ்). ஒருவர் எந்த வளத்தில் அதிகப் பங்கு எடுக்கிறாரோ, அந்தப் பங்கையே எல்லாருக்கும் சமமாக்குவது. அவர்கள் காட்டிய கணக்கு இது: மொத்தம் 9 கோர், 18 ஜிபி. முதலாமவரின் ஒரு டாஸ்க்குக்கு 1 கோர், 4 ஜிபி. இரண்டாமவருக்கு 3 கோர், 1 ஜிபி. கிளஸ்டரைச் சரிபாதியாக வெட்டினால் ஒருவருக்கு 2 டாஸ்க், மற்றவருக்கு 1. டிஆர்எஃபில் 3, 2. முதலாமவர் மெமரியில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாமவர் கோரில் மூன்றில் இரண்டு பங்கு. இருவருக்குமே லாபம். 3 ஜிபி போதுமென்றாலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 8 ஜிபி கேட்பவருக்கும் இதில் ஆதாயமில்லை. கூட்டிக் கேட்டது அவர் பங்கிலேயே கழியும்.

அதனால் அலுவலகக் கிளஸ்டருக்கு என் தேர்வு: கெபாசிட்டி கியூக்கள், அவற்றில் டிஆர்எஃப் கணக்கு, ப்ரீஎம்ப்ஷன் கட்டாயம் ஆன்.

பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு இது போதாது. டிஆர்எஃபுக்கு நேற்றைய நினைவு கிடையாது. வாரம் முழுக்க ஓட்டியவரையும் இன்றுதான் வந்தவரையும் ஒன்றாகவே பார்க்கும். ஆய்வகக் கிளஸ்டர்களில் ஜாப்களை வரிசைப்படுத்தும் மென்பொருளான ஸ்லர்மின் ஃபேர்ஷேர் முறை, பழைய பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கிறது. இயல்பு அமைப்பில் அந்தப் பழைய பயன்பாட்டின் எடை 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு மாதம் கிளஸ்டர் பக்கமே வராத மாணவி, ஆய்வேடு சமர்ப்பிக்கும் முந்தைய இரவு ஜாப் போட்டால், அந்த வாரம் முழுக்க ஓட்டியவரைத் தாண்டி முன்னால் போக முடியும்.